சுண்டெலிப் பொறி

என் மனைவி மோகனாவின் வலது கன்னம் மூன்று நாளாக வீங்கியிருந்தது. மடக்குக் கத்தியைப் பல்லால் கடித்து இழுத்து விரித்ததில் ஒரு பல் ஆட்டம் கண்டுவிட்டது. கஞ்சியைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் குடித்தாள்.

போன வருடம் மழையில் டிரெய்லரிலிருந்து விழுந்து அவளுக்கு இடது கை போனது. கை இருக்கிறது, மூன்று விரல் அசையாது. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் நாற்று நர்சரியில் அவளுக்கு வேலை. சின்னப் பையைக் கத்தியால் கீறி, நாற்றை மண்ணோடு எடுத்துப் பெரிய பைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் கத்தியோடு வழுக்கி விழுந்து தொடையைக் கிழித்துக்கொண்ட பிறகு, அங்கே மடக்குக் கத்திக்கு மட்டும்தான் அனுமதி. நடக்கும்போது மடித்திருக்க வேண்டும். ஒரு நாளில் நூறு முறையாவது விரிக்க வேண்டும். கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் கத்தி ஒன்றைக் கடையில் வாங்கிக் கொடுத்தேன். சேறு பட்டதும் இறுகிக்கொண்டது.

நர்சரி வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தேவன் கெட்டவர் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டார்: “திங்கக்கெழம நானே வந்து எண்ணுவேன் மோகனா. நூத்தம்பது பை வரலன்னா உதிரிப் பழம் பொறுக்கத்தான் அனுப்பணும். மேல கேக்குறாங்க லா.”

உதிரிப் பழம் பொறுக்கிச் சாக்கைத் தூக்க இரண்டு கை வேண்டும். அங்கே அனுப்புவதும் வீட்டுக்கு அனுப்புவதும் ஒன்றுதான்.

நான் லோரிப் பட்டறையில் வெல்டிங் செய்கிறவன். பட்டனை அழுத்தினால் தானே விரியும் கத்தி ஒன்றைச் செய்வது என்று புதன்கிழமை தொடங்கினேன். உடைந்த செம்பனை அரிவாளில் ஒரு துண்டை அறுத்து, நெருப்பில் போட்டு ஆறவிட்டேன். மெத்தென்று ஆன பிறகுதான் அதில் துளை இறங்கியது. கத்தியின் அடியில் இரண்டு வெட்டு போட்டேன். மடித்தால் பட்டனின் முள் ஒன்றில் விழும், விரிந்தால் மற்றதில் விழும். அரத்தால் ராவி ராவி வலது கட்டைவிரல் மரத்துப்போனது. மறுபடி பழுக்கக் காய்ச்சி எஞ்சின் எண்ணெயில் முக்கினேன். முதல் கத்தி வளைந்தது. இரண்டாவது நேராக நின்றது. ஸ்பிரிங்குக்கு எலிப்பொறி வாங்கி அதன் கம்பியைக் கழற்றினேன்.

அந்த நான்கு நாளும் மோகனாவால் பாதி வேலைதான் முடிந்தது. அடுத்த வரிசையில் நிற்கும் பிரேமலா தன் பைகளை முடித்துவிட்டு இவளுடையதையும் வெட்டினாள். “அக்கா, நீ போய் நெழல்ல நில்லு. உன் மூஞ்சியப் பாத்தா நாத்து பட்டுப்போகும்” என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கத்தியை மோகனாவின் கையில் கொடுத்தேன். அழுத்தினாள். டக்கென்று பாய்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கே பெருமை தாங்கவில்லை.

“எப்படி?”

“விரியுது. மூடுறது?”

“பட்டன அமுக்கிக்கிட்டே கத்தியோட முதுகத் தொடையில வச்சுத் தள்ளு.”

தள்ளினாள். பாதி மடிந்து திரும்பி வந்து நின்றது. இன்னொரு முறை தள்ளினாள். பிடி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. நான் எடுத்து மூடிக் காட்டினேன். அப்போதுதான் கவனித்தேன், இரண்டு கையால் மூடிக்கொண்டிருந்தேன். நான்கு நாளும் அப்படித்தான் மூடிப் பார்த்திருக்கிறேன்.

“ஏங்க, எந்தப் பொறி வாங்கினீங்க?”

“பெருச்சாளிப் பொறி. நல்லா உறுதியா இருக்கட்டும்னு.”

“நான் என்ன பெருச்சாளியா வெட்டப் போறேன்? பிளாஸ்டிக் பை. சத்தம் யாரு கேட்டா? சுண்டெலிப் பொறி ரெண்டு வெள்ளி காசுக்கு விக்கிறான்.”

எனக்குச் சுருக்கென்றது. பட்டறையில் எதைச் செய்தாலும் பாரம் ஏறுமே என்று ஒரு சுற்றுக் கூட்டியே செய்து பழகிவிட்டேன். அவள் கையின் பலத்தை நான் அளந்து பார்க்கவே இல்லை.

கடை மூடுவதற்குள் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். சுண்டெலிப் பொறியின் மெல்லிய கம்பியைப் போட்டதும் கத்தி சத்தமில்லாமல் எழுந்து முள்ளில் உட்கார்ந்தது. மோகனா தொடையில் வைத்துத் தள்ளினாள், மடிந்தது. இருபது முறை விரித்து மூடினாள். பிறகு வீங்கின கன்னத்தோடு சிரித்தாள்.

திங்கட்கிழமை காலையில் தேவன் கத்தியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாராம். “இதப் போலீஸ் பாத்தா கேஸ் லா. யாரு செஞ்சது?”

“எங்க வீட்டுக்காரரு.”

“கத்தி தோட்டத்துக் கேட்டத் தாண்டக் கூடாது. சாயங்காலம் ஸ்டோர்ல என்கிட்ட குடுத்துட்டுப் போ, பூட்டி வச்சுக்கிறேன். இப்ப வெட்டு, பாப்போம்.”

மூன்று மணிக்கு அவரே எண்ணினார். நூற்று அறுபத்திரண்டு. பேரேட்டில் எழுதிவிட்டு, “நாளைக்கும் இதே வரிசைதான் உனக்கு” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அன்று வேலை விட்டதும் பிரேமலாவுக்குக் கொடுக்கக் கொஞ்சம் பணம் எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். அவள் என் கையிலிருந்த பணத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“டுயிட் வேணாண்ணே. வேலைக்கு வேலைதான். எனக்கும் முடியாத நாள் வரும். அன்னைக்கு அக்கா வந்து என் வரிசைய வெட்டட்டும்.”

மோகனா தலையாட்டினாள். பிரேமலாவுக்கு நாங்கள் நான்கு நாள் வேலை கடன்பட்டிருக்கிறோம். அதில் ஒரு நாளைக்கூட இன்னும் தீர்க்கவில்லை.