மடக்கி வைத்த போன்

புருஷன் புதுப் போனோடு வந்து நின்றபோது டிஸ்பிளே அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கடைத்தெருவில் அவளுக்கு அதுதான் பேர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கதவு அகலத்தில் செல்போன் ரிப்பேர் கடை. பதினோரு வருஷமாக உடைந்த திரைகளைக் கழற்றி மாட்டுகிறாள். அவள் புருஷனோ, மூலையில் விரிசல் விட்ட போனை ஆறு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுதவர். மாற்றித் தருகிறேன் என்று அவள் கேட்கும்போதெல்லாம், "பேசினா கேக்குதுல்ல" என்று தட்டிக்கழித்தவர். அந்த மனுஷன் கையில் இப்போது பவுடர் டப்பா மாதிரி இரண்டாக மடங்கிய ஒரு போன்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் உறைத்தது. இதை வாங்குவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"குடுங்க பாப்போம்" என்று வாங்கித் திறந்தாள். திரையின் நடுவே விரலால் தடவினாள். லேசாகப் பள்ளம் தட்டியது.

"இந்த மடிப்பு போகப் போகப் பெருசாத் தெரியும். உள்திரை ரொம்ப மெலிசு, நகம் பட்டாலே தழும்பு விழும். கீலுக்குள்ள தூசி போனா நறநறங்கும். பேட்டரியும் சின்னது. கடைக்கு வந்தா நானே ரெண்டு தடவை யோசிச்சுத்தான் கை வைப்பேன். யாரு உங்க தலையில கட்டினது?"

"யாரும் கட்டல. சட்டைப் பையில அடங்குது. மூடியிருக்கும்போது விழுந்தா உள்திரைக்கு ஒண்ணும் ஆகாது. வெளிய குட்டித் திரை இருக்கு, மணி பாக்கவும் யாரு கூப்பிடறாங்கன்னு பாக்கவும் தொறக்கவே வேண்டாம்."

பாடம் ஒப்பிப்பது போலிருந்தது. அவர் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். ஊசி போனதே தெரியவில்லை என்று சொல்லி, அவர் வரிசையில்தான் நிற்பேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் உண்டு. ஆனால் பேச்சில் கஞ்சன். சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசினால், முந்தின நாளே யோசித்து வைத்தது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு புதுச் சத்தம் வந்தது. அவள் துணி எடுக்க அறைக்குள் போனால் 'டப்'. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தால் 'டப்'. பழைய போனில் என்ன பார்க்கிறார் என்று தாண்டிப் போகும்போதே தெரிந்துவிடும். இதில் மூடிய மூடிதான் தெரிந்தது.

"என்ன பாத்திட்டிருந்தீங்க?"

"சும்மா, நியூஸ்."

நியூஸ் பார்க்கிறவர் முகம் அப்படியா வெளிறும்?

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் தங்கை இதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள். "அக்கா, மூடி வைக்கிற போன் வாங்கற ஆம்பளைக்கு மூடி வைக்க ஏதோ இருக்கு. மாமா நல்லவர்தான். நல்லவங்களைத்தான் இப்பல்லாம் முதல்ல சந்தேகப்படணும்."

"போய் உன் மெஷினைப் பாரு, பேப்பர் சிக்கியிருக்கு" என்று துரத்தினாள். ஆனால் அந்தப் பேச்சு காதில் புகுந்த எறும்பு மாதிரி உள்ளேயே ஊர்ந்தது.

ஆறாவது வாரம் உள்திரையின் மேலிருந்த ஃபிலிம் மடிப்போரம் காற்றுக் குமிழ் விட்டு எழும்பியது. வேறு வழியில்லாமல் கடைக்கு எடுத்துவந்தார். கொடுத்துவிட்டுப் போகிறவர் இல்லை. மேசைக்குப் பக்கத்திலேயே, கைகளை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு காவலுக்கு நின்றார்.

அவள் லென்ஸை இழுத்துவைத்துப் பார்த்தாள். திறக்கிற விளிம்பில், வலது ஓரமாக, கோழி கிளறியது போல நகக் கீறல்கள். சட்டகத்தின் மூலைகளில் நசுங்கல்.

"எத்தனை தடவை கீழ போட்டீங்க?"

"ஒரு தடவை."

"மூணு இடத்துல அடி பட்டிருக்கு."

"அப்ப மூணு."

இருபது வருஷத்தில் ஒரு டம்ளரைக்கூடத் தவறவிட்டதில்லை அவர். யாருக்குப் பயந்து இப்படி அவசர அவசரமாகத் திறக்கிறார்? எதைக் கண்டு கை நழுவுகிறது?

வெளியே தெரிந்தவர் ஒருவர் பைக்கை நிறுத்திக் கூப்பிட, அவர் வாசலுக்குப் போனார். மூடிக்கிடந்த போனின் குட்டித் திரை ஒளிர்ந்தது. 'மேடம்' என்று ஒரு பேர். அதன் கீழே: 'இன்றைய வீடியோ இன்னும் வரவில்லை. இரண்டு...' அதற்கு மேல் அந்தத் திரையில் இடமில்லை.

அவள் போனைக் கையில் எடுத்தாள். திறந்தால் மிச்சம் தெரிந்துவிடும். அவருடைய பூட்டு எண்ணும் தெரியும். ஆனால் கடைக்கு வந்த போனை அவள் இதுவரை திறந்து படித்ததில்லை. புருஷனுடையது என்பதற்காக அந்தப் பழக்கத்தை விட மனசு வரவில்லை. ஃபிலிமை மாற்றிக் கையில் கொடுத்தாள்.

"மேடம்னு யாரோ மெசேஜ் போட்டிருக்காங்க."

"ஆபீஸ்ல."

அவர் ஆபீஸில் மேடம் என்று கூப்பிட ஒருவரும் கிடையாது. அவளுக்கு அது தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

மறுநாள் மதியம், அவர் வேலை முடிந்து வீடு போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கடையை அடைத்தாள். சாவியைச் சத்தமில்லாமல் திருகினாள். இப்படிக் களவாணி மாதிரி சொந்த வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கிறதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சாப்பாட்டு மேசையில் போன் பாதி மடங்கி, கீழ்ப்பாதி படுத்து, மேல்பாதி நிமிர்ந்து தானாக நின்றுகொண்டிருந்தது. அவர் அதற்கு எதிரே அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு டம்ளர், ஒரு காகிதம், பேனா. ஒரு டம்ளரிலிருந்து மற்றதற்குத் தண்ணீர் ஊற்றினார். பாதி தண்ணீர் மேசையில் கொட்டியது. விளிம்போடு விளிம்பு மோதிக் கிடுகிடுவென்று அடித்தது. காகிதத்தில் சுழி போட்டிருந்தார். அது பல்சக்கரம் மாதிரி வந்திருந்தது.

திரையில் அவள் தெரிந்திருக்க வேண்டும். போனை மூடக் கை நீட்டினார். விரல்கள் விளிம்பில் தடுமாறின. அப்புறம் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"நாலு மாசம். நரம்பு டாக்டரம்மா தினமும் ரெண்டு கையும் தெரியற மாதிரி வீடியோ அனுப்பச் சொன்னாங்க. கையில பிடிச்சு எடுத்தா படமே ஆடுது. சாய்ச்சு வெச்சா சறுக்கி விழுது. இது தானா நிக்குது."

"இதுக்கு நூறு ஸ்டாண்ட் இருக்கே. என் கடையிலேயே தொங்குது."

"உன் கடையில வாங்கினா எதுக்குன்னு கேப்ப."

"கேக்காம? ஊசி பிடிக்கிற கைங்க இது. இந்தக் கையோடயா..."

"நடுங்க ஆரம்பிச்ச அன்னைக்கே விட்டுட்டேன். ரிப்போர்ட் டைப் பண்றேன். அங்க முதுகு வலின்னு சொல்லியிருக்கேன்."

அவள் உட்கார்ந்து, கொட்டிய தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். கோபம் இருந்தது, யார்மேல் என்று பிரிக்கத் தெரியவில்லை. "நான் என்னென்னவோ நினைச்சேன்."

"தெரியும். அதுவே பரவாயில்லன்னு தோணுச்சு."

போன் இதையெல்லாம் பதிவுசெய்துகொண்டேதான் இருந்தது. வேறு எடுக்கத் தெம்பில்லாமல் அதையே அனுப்பினார். அரைமணியில் பதில் வந்தது: அடுத்த முறை மனைவியோடு வரவும்.

போனார்கள். டாக்டரம்மா சுழிகளைப் பார்த்தார், கைகளை நீட்டச் சொன்னார், நடக்கவிட்டார். வேலை செய்யும்போது மட்டும் வருகிற நடுக்கம், பயப்படுகிற பெரிய வியாதி இல்லை, மாத்திரையில் குறையும், முழுசாகப் போகாது என்றார். டிஸ்பிளே அக்கா நம்பவில்லை. "எனக்காகச் சொல்லலையே?" என்று மூன்று விதமாகக் கேட்டாள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

ஊசி பிடிக்க இனி முடியாது என்பது உறுதியாயிற்று. அவரே நிலையத்தில் உண்மையைச் சொன்னார். டைப் அடிக்கும் வேலை நிரந்தரமானது. இரண்டு வாரம் ரத்தம் எடுக்கும் மேசைப் பக்கமே திரும்பாமல் டைப் அடித்தார்.

அப்புறம் ஒரு காலை, வயதான அம்மா ஒருவருக்கு மூன்று இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்காமல், பக்கத்து மேசை நர்ஸ் அவரைக் கூப்பிட்டார். போனார். கண்ணை மூடி அந்த அம்மாவின் முழங்கை மடிப்பில் விரலை அழுத்தினார். அழுத்திய விரல் ஆடவில்லை.

"இங்க" என்றார். நர்ஸ் ஊசியை ஏற்றினார்.