முதல் ஏற்றத்து விரதம்

அர்த்தனாரிக்கு ஊசி மேல் பயமில்லை. ஊசி போடுகிறவன் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் பயம். தெரிந்தால் ஸ்டியரிங் கைவிட்டுப் போய்விடும். சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு லாரி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

மலைக்கு ரோடு வந்தே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளம். அதில் உப்பும் அரிசியும் மண்ணெண்ணெயும் மேலே ஏற்றிப் போய், குச்சிக்கிழங்கும் மிளகும் கீழே இறக்கி வருவான். சந்தை நாட்களில் மூட்டைகளுக்கு மேல் மனிதர்களும் ஏறிக்கொள்வார்கள். சரக்கு லாரியில் ஆள் ஏறக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். சுமையோடு அந்த மலையை நடந்தே ஏறிப் பார்த்தவன் எவனும் அந்தச் சட்டத்தை எழுதியிருக்க மாட்டான்.

சர்க்கரை வியாதி ஆளைப் பாதியாக்கியிருந்தது. குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தும் நாக்கு வறண்டது. மாத்திரைக்கெல்லாம் வியாதி மசியவில்லை. கடைசியில் நாமக்கல் டாக்டர் சொல்லிவிட்டார்.

"இனிமேல் தினமும் காலையில இன்சுலின் ஊசி போட்டாகணும். போட்டதும் சாப்பிட்டுடணும். வெறும் வயித்தோட இருந்தா வேர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும். ஆளே விழுந்துடலாம். ஆமா, என்ன வேலை பாக்கறீங்க?"

"லாரி செட்டுலீங்க" என்றான் அர்த்தனாரி.

அது பொய்யில்லை. உண்மையின் பக்கத்து ஊர், அவ்வளவுதான். டாக்டரும் மூட்டை தூக்குகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மனைவி ராமாயி ஊசி போடப் பழகிக்கொண்டாள். கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுப்பாள். மருந்துப் புட்டியை ஈர மணல் பானைக்குள் பிள்ளையைப் படுக்க வைப்பது போல வைப்பாள். உடம்பு சரியில்லை என்று சொல்லி அவன் வீட்டில் இருந்த நாட்களில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஊசி, உடனே களி, கீரை. முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது. வேலைக்குத் திரும்பிய காலையில்தான் வினை வந்தது.

அந்த ரோட்டு டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காரவள்ளியில் வளைவுகள் தொடங்கும் இடத்தில் கருப்பனார் இருக்கிறார். அன்றைய முதல் ஏற்றத்தை வெறும் வயிற்றோடுதான் ஏற வேண்டும். அவர் முன்னால் சூடம் கொளுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் பல்லில் தண்ணீர் படலாம். விரதம் இருக்காத டிரைவர் வண்டியில் மலைச்சனம் காலே வைக்காது.

ராமாயி வட்டிலை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். "ஊசி போட்டாச்சுங்க. ரெண்டு வாய் சாப்புட்டுட்டுப் போங்க."

"மேல போய்ச் சாப்புட்டுக்கறேன்."

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"டாக்டரா வண்டி ஓட்டறாரு? இத்தனை நாளா என்னைப் பள்ளத்துல உருளாம காப்பாத்துனவரை ஒரு ஊசிக்காகப் பகைச்சுக்கச் சொல்றயா?" என்று கத்திவிட்டுப் போனான். போகிற வழியிலேயே, அவளிடம் கத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் திரும்பிப் போகவில்லை.

அவனோடு கிளீனராகப் போகிறவன் திண்ணனூர் நாட்டுக் காத்தான். தலை நரைத்தவன், மலையிலேயே பிறந்தவன். கொண்டை ஊசி வளைவில் லாரி ஒரே மூச்சில் திரும்பாது. கொஞ்சம் பின்னால் வந்துதான் மறுபடி முன்னால் ஏற வேண்டும். அந்த நேரத்தில் காத்தான் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பான். டிரைவரின் கால் சரியாக இருந்தால்தான் கட்டை கொடுப்பவனின் கால் மிஞ்சும். இருவருமே இதை ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை.

அன்று மூட்டைகளின் மேல் மலைக்காரர்கள் நிறையப் பேர். சந்தை முடிந்து அடிவாரத்தில் தங்கி, விடிந்ததும் ஊர் திரும்புகிறவர்கள். விற்காமல் மீந்த தேனோடு இருசாயியும் அவர்களில் ஒருத்தி.

பாதி மலை ஏறும்வரை ஒன்றுமில்லை. அப்புறம் காலை நேரக் குளிரில் அவனுக்குச் சட்டை நனைய வேர்த்தது. விரல்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. முன்னால் இருந்த ஒரு ரோடு இரண்டு ரோடாகத் தெரிந்தது. வளைவில் பின்னால் வந்துகொண்டிருந்தபோது காத்தானின் "வரட்டும், வரட்டும்" எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்றே தெரியவில்லை. கை மட்டும் பழக்கத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தது. லாரி ஒரு குலுங்கு குலுங்கிப் பின்னால் நழுவி, கட்டையில் மோதி நின்றது.

எல்லாரும் அலறிக்கொண்டு இறங்கி ஓடி வந்தார்கள். அர்த்தனாரி உடம்பெல்லாம் ஆட, கண் செருக, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தான்.

"சாமி வந்திருச்சு!" என்றாள் இருசாயி.

பிறகு கேட்க வேண்டுமா? வேர்வையும் நடுக்கமும் உளறலுமாக ஒருவன் விரதத்தோடு உட்கார்ந்திருந்தால் அந்த மலையில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. தாங்கிப் பிடிக்க வேண்டிய கைகள் எல்லாம் கும்பிட்டு நின்றன. ஒருவர் மழை எப்போது வரும் என்று கேட்டார். இன்னொருவருக்குக் காணாமற்போன எருது எந்தத் திக்கில் போனது என்று தெரிந்தாக வேண்டும். அவன் செத்துக்கொண்டிருந்தான், அவர்கள் குறி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன குத்தம் சாமி? எதுக்கு வண்டிய நிறுத்திப்போட்டே?" என்று காத்தான் கேட்டான்.

"பசி" என்ற ஒரு சொல் எப்படியோ வெளியே வந்தது.

"சாமிக்குப் பசியாம்!" என்று இருசாயி தேன் குடுவையைத் திறந்தாள். உள்ளங்கையில் ஊற்றி ஊற்றி, பயபக்தியோடு அவன் வாயில் வைத்தாள். அவன் நக்கி விழுங்கினான். கொஞ்ச நேரத்தில் இரண்டு ரோடும் சேர்ந்து ஒன்றானது.

கண்ணைத் திறந்தால் சுற்றிலும் கூப்பிய கைகள். காத்தான் கண்ணில் நீர். "கருப்பனாரு உங்க மேல எறங்கிட்டாருங்க" என்றான்.

அர்த்தனாரிக்கு எல்லாம் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்பதும் புரிந்தது. ஊசி விஷயம் யாருக்கும் தெரியாது. இனி இந்தச் சனம் அவன் லாரியைத் தவிர வேறெதிலும் ஏறாது. அவனிடமிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்க எவனுக்கும் துணிச்சல் வராது. இப்படி ஒரு அதிர்ஷ்டம் யாருக்கு அடிக்கும்?

ஆனால் இறங்கும்போது காத்தானின் காலைப் பார்த்துவிட்டான். நழுவிய கட்டை கெண்டைக்காலைச் சீவி எடுத்திருந்தது. சாமியைக் கும்பிடுகிற அவசரத்தில் அந்த மனிதன் தன் ரத்தத்தைக்கூடக் கவனிக்கவில்லை. அர்த்தனாரிக்கு அவமானத்தில் உடம்பு கூசியது.

"சாமியும் வரல, பூதமும் வரல" என்றான். "எனக்குச் சக்கரை வியாதி. தினமும் ஊசி போடறேன். போட்டா உடனே சாப்புடோணும். சாப்புடாம வந்தேன். அதுதான் இது."

கும்பிட்ட கைகள் இறங்கின. காத்தான்தான் கேட்டான். "தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"சக்கரத்துக்குப் பின்னால நிக்கறவன் நானுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா?"

சனம் மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே மலையேறியது. காத்தான் நொண்டிக்கொண்டே கீழே போய் வேறு டிரைவரை அழைத்து வந்தான். அந்த டிரைவர் ஓட்டிய லாரியில் அர்த்தனாரி மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து இறங்கினான்.

முதலாளி குப்புசாமிக்கு இந்த உண்மை பிடிக்கவில்லை. "சாமி வந்துச்சுன்னே இருந்துட்டுப் போகட்டுமப்பா. நம்ம வண்டிக்கும் ஒரு பேரு. நீயேன் கெடுக்கறே?" என்றார்.

"அடுத்த தடவை வண்டி பள்ளத்துப் பக்கம் உருளறப்பவும் கும்பிட்டுட்டு நிப்பாங்க, முதலாளி. நான் அப்படி ஓட்ட மாட்டேன். ஒழுங்கா ஓட்டலாம்னு ஆகற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். ஆனா ஓட்டாம விடவும் மாட்டேன்."

நாமக்கல்லுக்குப் போய் டாக்டரிடமும் உண்மையைச் சொன்னான். அவர் திட்டிய திட்டை அப்படியே எழுத முடியாது. திட்டி முடித்து, இப்போதைக்கு வண்டியைத் தொடக்கூடாது என்றார். தொடவில்லை. மழைக்காலம் முழுக்கச் செட்டில் கிழங்கு மூட்டை தூக்கினான். நேற்றுவரை அவனுக்குச் சலாம் போட்டவர்கள் "என்ன சாமி, குறி சொல்லுங்க" என்று கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டே சுமந்தான். நேரம் தவறாமல் சாப்பிட்டான். வேர்வை வருமுன்னே உதட்டோரம் மரத்துப்போவதுதான் முதல் அறிகுறி என்று தன் உடம்பிடமே கேட்டுக் கற்றுக்கொண்டான். சட்டைப் பையில் வெல்லம் இல்லாமல் வாசற்படி தாண்டவில்லை. டாக்டர் மருந்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, முதலில் சமதள ரோட்டில் ஓட்டச் சொன்னார். அதிலும் ஒரு குறையும் வராமல் போகவே, மலைக்கும் சரி என்றார். சாப்பிடாமல் ஏறினால் தானே போலீசில் சொல்லிவிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னார்.

டாக்டரைவிடக் காத்தான்தான் கடினம். "நான் நிறுத்துன்னா நிறுத்தோணும். எதுக்குன்னு கேக்கப்படாது" என்றான்.

"சரிங்க" என்றான் அர்த்தனாரி. காத்தானுக்கு அவன் 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

மலைக்குத் திரும்பிய காலையில் காரவள்ளியில் நல்ல கூட்டம். எல்லோர் கண்ணும் அவன் மேல். அவன் சூடம் கொளுத்தினான், எலுமிச்சம்பழம் வைத்தான். பிறகு கருப்பனாருக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூக்குப்போசியைத் திறந்து, களியைப் பிட்டுக் கீரைக்குழம்பில் தோய்த்துச் சாப்பிட ஆரம்பித்தான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு கிழவர் காறித் துப்பினார். இருந்தும் கடைசி உருண்டைவரை நிதானமாகச் சாப்பிட்டான்.

"கோவம்னா எம்மேல மட்டும் காட்டு. பின்னால இருக்கறவங்களை விட்டுரு" என்று கருப்பனாரிடம் சத்தமாகவே சொல்லிவிட்டு எழுந்தான்.

லாரியைக் கிளப்பினான். யாரும் ஏறவில்லை. ஆளில்லாத வண்டியாகத்தான் போக வேண்டும் என்றால் போவது என்று முடிவு செய்துகொண்டு கியரில் கை வைத்தான். அப்போது இருசாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரைவர் கதவருகே வந்தாள்.

"ஏனுங்க, சாப்புட்டாச்சுங்களா?"

பார்க்கிறவர்களெல்லாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்விதான். ஆனால் அவள் குசலம் விசாரிக்கவில்லை.

"ஆச்சும்மா. நீங்களே பாத்தீங்கல்ல?"

"தூரத்துலிருந்து பாத்தேன். கையைக் கொண்டாங்க."

அவன் ஜன்னல் வழியே கையை நீட்டினான். அன்று கும்பிட்ட அதே பெண் பிடித்து இழுத்து, மூக்கருகே வைத்து முகர்ந்தாள். பொய் சொல்கிற பிள்ளையின் கையைத் தாய் முகர்வதைப் போல இரண்டு தடவை முகர்ந்தாள். சாமியாக நின்றபோது இல்லாத ஒரு நிம்மதி அந்த முரட்டுப் பிடியில் அவனுக்கு வந்தது. கண் கலங்கியதை அவன் மறைக்கவும் இல்லை.

"கீரைக்குழம்பு" என்று கூட்டத்தைப் பார்த்து அறிவித்தாள் இருசாயி. "ஏறுங்க எல்லாரும்."