ஊருக்குள் போகாத வண்டி

பைபாஸ் என்பது எப்பேர்ப்பட்ட கெட்ட வார்த்தை என்று திண்டிவனத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். விழுப்புரத்தில் சென்னை வண்டி ஏறித் திண்டிவனத்துக்கு டிக்கெட் கேட்டால், "பைபாஸ்தான், ஊருக்குள்ள போவாது" என்று கண்டக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்வார். கிழவன் கிழவி, பிள்ளைத்தாய்ச்சி எல்லாம் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் இறங்கி, பறக்கிற லாரிகளுக்கு நடுவே புகுந்து ஊருக்குப் போக வேண்டும். வண்டிக்குக் கொஞ்சம் நேரம் மிச்சம், அவ்வளவுதான்.

பல வருஷம் தொலைதூர வண்டி ஓட்டிய சுதாகரும் அந்தக் கட்சிதான். சொந்த ஊர்க்காரர் என்று உரிமையோடு கெஞ்சியவர்களைக்கூட பைபாஸிலேயே இறக்கிவிட்டவர். ஒருத்தருக்காக வண்டியைத் திருப்பினால் மற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பார். நியாயம்தான். இறங்குகிறவர் அடுத்த வீட்டுக்காரராக இருக்கும்வரை எந்த நியாயமும் நன்றாகத்தான் இருக்கும்.

அவர் மனைவி செந்தாமரையும் அங்கேதான் இறங்கினாள். கோலியனூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, ஒரு மூட்டை மல்லாட்டையோடு, அதான் வேர்க்கடலையோடு, பட்டப்பகலில் இறங்கி, சாலையைக் கடக்கும்போது கார் அடித்துப் போட்டது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. சிதறிய மல்லாட்டை பொறுக்க ஆளில்லாமல் இரண்டு நாள் சாலையோரம் கிடந்தது.

அதன்பிறகு சுதாகருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கியது. வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு கிடந்தார். செந்தாமரையை இறக்கிவிட்ட டிரைவரை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மனுஷனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் மெச்சியது. ஊர் வாய்க்கு என்ன, எதையாவது மெல்ல வேண்டும்.

மனசு பெரிதாக இருந்ததால் அல்ல, திட்டுவதற்கு வாய் இல்லாததால்தான் அவர் திட்டவில்லை. இறங்குவதற்குச் சற்று முன்னால் செந்தாமரை போன் பண்ணியிருந்தாள். மூட்டை கனக்கிறது, முட்டி வலிக்கிறது, நீங்கள் டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசினால் ஊருக்குள் வருவார் என்று கேட்டாள். ஒரு டிரைவர் பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது என்று அவருக்குச் சுருக்கென்று வந்தது.

"பைபாஸ் வண்டி பைபாஸ்லதான் நிக்கும். அவரப் பேஜாரு பண்ணாம ஜல்தியா எறங்கி வா" என்றார்.

இதை அவர் மகள் சங்கவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாத பேச்சு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே கிடந்தது.

சங்கவி கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்ப்பவள். அப்பா இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று பயந்து, பஸ் ஓட்டுகிற கேம் ஒன்றைத் தன் லேப்டாப்பில் ஏற்றி, பிளாஸ்டிக் ஸ்டியரிங் ஒன்றும் வாங்கி வந்தாள். யானைப் பாகனுக்கு மர யானை வாங்கிக் கொடுத்த கதைதான். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் விழுப்புரத்திலிருந்து சென்னை வரைக்கும் அச்சு அசலாக வரைந்து, அந்த கேமில் சேர்ப்பதற்காக நெட்டில் போட்டிருந்தான். விக்கிரவாண்டி டோல்கேட்டும் நடுவில் அரளிச் செடியும் அப்படியே இருந்தன. சுதாகர் பிகு பண்ணிவிட்டு ஒரு நாள் உட்கார்ந்தார். கை நடுங்கவில்லை. சங்கவி அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

ஆனால் அவர் ஒரு தடவைகூட சென்னைக்குப் போய்ச் சேரவில்லை. திண்டிவனம் வந்ததும் வண்டியை இடதுபக்க சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடுவார். வரைந்தவன் அங்கே ஊரை வரையவில்லை. ரோடு சட்டென்று முடிந்து வெறும் பச்சைத் தரையில் வண்டி சிக்கி நின்றுவிடும். மறுபடி விழுப்புரம், மறுபடி அதே பச்சைத் தரை.

"டிரைவரா இருந்துக்கினு அம்புக்குறி காட்டுற வழி தெரியலியாப்பா?" என்று சங்கவி கேலி பண்ணினாள்.

"ஊருக்குள்ள போவணும்மா" என்றார்.

பிடிவாதம் என்றுதான் அவள் நினைத்தாள். இருந்தாலும் மனசு கேட்காமல், அந்தப் புண்ணியவானைத் தேடிப் பிடித்து, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டையும் வரைந்து கொடுங்கள் என்று கெஞ்சி எழுதினாள். பல மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புது ரோடு வந்து சேர்ந்தது.

சுதாகர் சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விக்கிரவாண்டி தாண்டி, திண்டிவனத்தில் இடதுபக்கம் இறங்கி, கடைத்தெரு வழியாக நிதானமாகப் போய் பஸ் ஸ்டாண்டுக்குள் நிறுத்தினார். கதவைத் திறந்தார். சீட்டில் உட்கார்ந்திருந்த பொம்மைப் பயணிகள் ஒருத்தரும் அசையவில்லை. உன் ரூட்டில் இல்லாத இடம் என்று திரையில் சிவப்பு எழுத்து மின்னியது.

"யாரும் எறங்க மாட்டாங்கப்பா. இந்த வண்டிக்கு இங்க ஸ்டாப்பிங் கெடையாது. டோர மூடிட்டுக் கெளம்பு" என்றாள் சங்கவி.

அவர் மூடவில்லை. காலியான படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அந்த போன் சங்கதியைச் சொல்லிவிட்டார். சங்கவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவைக் கொன்றதே நீதான் என்று சொல்ல வாயைத் திறந்தவள், குலுங்குகிற அந்த முதுகைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினாள்.

"அதுக்கு அம்மா என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"என்னா சொல்லுவா? 'சரிங்க'ன்னு சொன்னா. போன வைக்காமலே கண்டக்டர்கிட்ட பேசிக்கினு எறங்கினா, எனக்குக் கேட்டுச்சு. 'எங்க வூட்டுக்காரரும் டிரைவருதாங்க, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு."