எக்ஸ்ரே கேட்காத கேள்வி

மருத்துவமனையின் சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ‘எக்ஸ்ரே’ என்று பெயர் வைத்தது தாதிகள்தான். படிவத்தில் ‘இனம்’ என்று ஒரு கேள்வி உண்டு; எதிரே மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவை என்று நான்கு கட்டங்கள். அதை அவர் யாரிடமும் கேட்டதே இல்லை. முகத்தை ஒரு பார்வை, பெயரை ஒரு பார்வை. பேனா தானாக ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிடும். இருபது வருடத்தில் ஒருவர்கூட மறுத்துப் பேசியதில்லையாம். காய்ச்சலோடு நிற்பவன் கட்டத்தையா படித்துக்கொண்டிருப்பான்? மனுஷர் அதைத் தன் திறமை என்று எடுத்துக்கொண்டார்.

அன்று காலை வரிசையில் முதலில் நின்றது அவருடைய மனைவி. முழங்காலில் அறுவை சிகிச்சை, பத்து மணிக்கு உள்ளே போக வேண்டும். எக்ஸ்ரே படிவத்தை மளமளவென்று நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டினார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார்.

“இதென்ன, இந்தியர்னு போட்டிருக்கீங்க?”

“பின்னே? உன்னை எனக்குத் தெரியாதா?”

“தெரியல போலிருக்கே. நான் இந்தியாவைக் கண்ணால பார்த்ததில்ல. எங்க தாத்தாவும் பார்த்ததில்ல. தமிழர்னு போடுங்க.”

“அப்படி ஒரு கட்டமே கிடையாது. இந்தியர், இல்லன்னா மற்றவை. நானே இந்தியர்னுதான் போட்டுக்கறேன். குறைஞ்சா போயிட்டேன்?”

“அது உங்க இஷ்டம். நான் குறுக்க வந்தேனா? மற்றவைக்குப் பக்கத்துல கோடு இருக்கே, அதுல எழுதுங்க.”

வரிசை நெளிய ஆரம்பித்தது.

“நேரமாகுது, கையெழுத்தைப் போடு” என்று எக்ஸ்ரே பல்லைக் கடித்தார்.

மனைவி பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

“போன வருஷம் எங்கண்ணன் இங்கதான் செத்தாரு. சாவுச் சீட்டை நீங்கதான் எழுதுனீங்க. அதுலயும் இந்தியர். உயிரோட இருந்தவரைக்கும் தமிழர்னு சொல்லிக்கிட்ட மனுஷன். அழுதுட்டு இருந்தேன், பேசாம விட்டுட்டேன். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னாலும் நீங்கதானே எழுதுவீங்க? அதனால இப்பவே கேட்டு எழுதுங்க.”

எக்ஸ்ரேவுக்குக் காது சூடாகிவிட்டது. மைத்துனரின் சீட்டை எழுதிய நாள் நன்றாக நினைவிருந்தது. ஒருவரையும் அலையவிடாமல் எல்லாவற்றையும் தானே முடித்துக் கொடுத்ததாக அன்று பெருமைகூடப் பட்டிருந்தார். இப்போது வெட்கமாக இருந்தது.

புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். பெயர், வயது, விலாசம் எல்லாம் கடகடவென்று ஓடின. இனம் வந்ததும் பேனா நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உன்னோட இனம்?”

“தமிழர்” என்றார் மனைவி. வரிசையின் கடைசிவரை கேட்டது.

எழுதினார். மனைவி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாதியின் தோளைப் பிடித்தபடி உள்ளே நடந்தார்.

அடுத்து வந்தவர் ஒரு தையல்காரர். சிறுநீரகக் கோளாறு; ரத்தம் சுத்தம் செய்ய வாரம் மூன்று நாள் வருவார், ஒவ்வொரு தடவையும் ஒரு படிவம். ஆறு வருடப் பழக்கம்.

“உங்க இனம் என்னண்ணே?” என்று எக்ஸ்ரே கேட்டார்.

தையல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன் தம்பி, இத்தனை நாளா என்னன்னு எழுதிட்டு இருந்தீங்க?”