சாயங்கால விமானம்

ஆயுள் முழுக்கத் தங்கமாக இருக்கப் பணம் கட்டுவதா வேண்டாமா என்பதுதான் அந்த வீட்டில் மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்த வழக்கு.

விமானக் கம்பெனிக்காரர்கள் விவரமானவர்கள். அடிக்கடி பறக்கிறவர்களைத் தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்து ஆளுக்கொரு அட்டை கொடுத்துவிடுவார்கள். தங்க அட்டைக்காரருக்குத் தனி வரிசை உண்டு, ஒரு பெட்டி கூடுதலாகக் கொண்டுபோகலாம், எல்லாவற்றுக்கும் மேலாக லவுஞ்ச் என்று ஒன்று இருக்கிறது. வெளியே ஜனங்கள் இரும்பு நாற்காலியில் இடுப்பு வலிக்க உட்கார்ந்திருக்கும்போது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இவர்களுக்கு மெத்தை நாற்காலியும் கேட்டபோதெல்லாம் தேநீரும். ஆனால் அட்டை ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அடுத்த வருடமும் அதே அளவுக்குப் பறந்தால்தான் தங்கம், இல்லாவிட்டால் பித்தளை. பத்து வருடம் விடாமல் தங்கமாக இருந்து காட்டியவருக்கு மட்டும் ஆயுசுக்கும் அந்த மரியாதை. அந்த வீட்டுக்காரியின் கணவருக்கு ஒன்பது வருடம் முடிந்திருந்தது. பத்தாவது வருடத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனி அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. விமானக் கம்பெனி இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னது. குறைகிற வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிடலாம். ஓய்வுப் பணத்தில் கால் பங்கு போய்விடும், அவ்வளவுதான்.

அவர் பாட்டிலில் மருந்து நிரப்பும் இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்கிறவர். அவருடைய கம்பெனி அவற்றை எங்கே விற்றாலும் பின்னாலேயே பெட்டியுடன் இவர் போவார். ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் விழுகிற வரைக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்புவார். வீட்டில் அவர் பேசுவதும் அப்படித்தான், சொட்டுச் சொட்டாக.

அவளுடைய தம்பி தணிக்கைக்காரன். அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடுவது தொழில் என்பதால் வாய் கொஞ்சம் நீளம். அக்கா புருஷனுக்கு அவன் வைத்திருந்த பெயர் 'ஆகாசத்து அத்தான்'. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, ஓய்வு பெற்ற மனிதர் வருடத்துக்கு எத்தனை தடவை பறப்பார், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தேநீர் குடித்தால் போட்ட பணம் திரும்பும் என்றெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினான்.

"சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்க அத்தான். இங்க சுண்டைக்காயே இல்ல. வெறும் சுமைகூலிதான்."

அவர் சிரித்தார். "நீ சொல்றது சரிதான். இருந்தாலும் இருக்கட்டுமேன்னு தோணுது" என்றார்.

அவளுக்குத்தான் இரண்டு பக்கமும் இழுத்தது. கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று எதையும் கேட்காத மனிதர். சட்டைக் காலர் நைந்தால்கூட அவளாகப் பார்த்து மாற்றினால்தான் உண்டு. முதல்முதலாக ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்கிறார், அதைப் போய்க் கணக்குப் பார்த்து மறுப்பதா? ஆனால் அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. அவர் வீட்டில் இருக்க வேண்டும். ஓய்வு என்ற பேச்சு வந்த அன்றே போய், சாய்ந்து கால் நீட்டிக்கொள்கிற நாற்காலி ஒன்றை வாங்கி முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தாள். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவரே கிழிக்கட்டும் என்று விட்டுவைத்தாள். அவரோ அதில் உட்காராமல் அதைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்.

முன்பெல்லாம் அவர் இப்படி ஊர் சுற்றுகிறவர் அல்ல. பட்டறைக்குள்ளேயே வேலை, ஆறு மணி அடித்தால் வீட்டில் இருப்பார். குட்டி என்று ஒரு மகள் இருந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சல் வந்து, நான்கே நாளில் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் வெளியூர் வேலைக்கு மாறினார். கம்பெனி மாற்றிவிட்டது என்று சொன்னார், அவளும் நம்பினாள். மாதம் இரண்டு தடவை, சில மாதம் மூன்று. காலையில் அவள் தேநீர் போட்டுக் கொடுப்பாள், வண்டி வரும், அவர் போவார். ராத்திரி வெகு நேரம் கழித்து 'வந்து சேர்ந்தேன்' என்று தகவல் வரும். எங்கே போனாலும் ஒரு பகல் முழுக்கப் பறக்கிறாரே, உலகம் அவ்வளவு பெரிசு போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள். டிக்கெட்டைப் பார்த்ததே கிடையாது. அதெல்லாம் அவர் பையில் இருக்கும்.

அவர் கிளம்புகிற நாளில் அவள் கண்ணாடிக் கடைக்கு லீவு போட்டுவிடுவாள். கண் பரிசோதித்து, வில்லை தேய்த்து, சட்டத்தில் பொருத்துகிற வேலை அவளுக்கு. கடை முதலாளியும் ஏன் என்று கேட்பதில்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் குட்டியின் அறைக் கதவைத் திறந்து, அந்தச் சின்னக் கட்டிலில் உட்கார்ந்து அழுவாள். அவர் இருக்கும்போது அழுததில்லை. அந்த மனிதருக்கு இருக்கிற பாரம் போதாதா, நம்முடையதையும் ஏற்றவேண்டுமா என்று அவள் அடக்கிக்கொண்டது, அடக்கி அடக்கி, பழக்கமாகவே ஆகிவிட்டது.

அப்படி ஒரு நாள், குட்டியின் அறை விளக்கை மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கைபேசியை எடுத்தாள். ஆகாயத்தில் இருக்கிறவருக்கு எப்படி மணி அடிக்கும் என்று வைத்துவிட்டாள். துண்டை எடுத்துக் கையைச் சுற்றிக்கொண்டு தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் ஒரு வாரம் கழித்து வந்து பார்த்து, கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

கடைசி வேலை ஒன்று பாக்கி இருந்தது. போய் ஓர் இயந்திரத்தை ஒப்படைத்துவிட்டு வரவேண்டும். வழியனுப்பு மரியாதையாகக் கம்பெனி அவளுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது.

"நீயும் வா. அந்த இடத்தப் பாரு. பாத்துட்டுச் சொல்லு, கட்டலாமா வேணாமான்னு" என்றார்.

காலையிலேயே வண்டி வந்துவிட்டது. அவள் இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, முதல் விமானப் பயணத்தின் பயத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். விமான நிலையத்தில் தங்க அட்டையைப் பார்த்ததும் கவுன்டர்ப் பெண் புன்னகை செய்து இரண்டு போர்டிங் பாஸ்களை நீட்டினாள். அவளுடையதை அவர் பைக்குள் வைக்கப் போனார். ஞாபகத்துக்கு நானே வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். பொடி எழுத்தைக் கண்டால் படிக்காமல் விடமுடியாத தொழில் அவளுடையது. நேரம் என்ற இடத்தில் மாலை என்று போட்டிருந்தது.

"ஏங்க, தப்பாப் போட்டுட்டாங்க போலிருக்கே. சாயங்காலம்னு இருக்கு."

அவர் நடந்துகொண்டே இருந்தார். "சரியாத்தான் போட்டிருக்கு" என்றார், திரும்பாமல். நேரம் தவறி ஓர் இடத்துக்கும் போகாதவர். பழக்கதோஷத்தில் எப்போதும் போலக் காலை வண்டிக்குச் சொல்லிவிட்டார் என்பதும், இன்றைக்குத் தன்னோடு ஒருத்தி வருகிறாள் என்பது அந்தப் பழக்கத்துக்கு மறந்துபோய்விட்டது என்பதும் அவளுக்கு உடனே பிடிபடவில்லை.

லவுஞ்ச் அழகாகத்தான் இருந்தது. தரைவிரிப்பில் காலடிச் சத்தமே கேட்கவில்லை. தேநீர் கொடுக்கிற பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். தூணோரம் இருந்த நாற்காலியிலிருந்து யாரோ விட்டுப்போன பத்திரிகையை எடுத்து, கையாலேயே ஒரு தட்டுத் தட்டினாள். அது ஓடுபாதையைப் பார்த்த நாற்காலி, கைப்பிடித் துணி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. அவர் உட்கார்ந்தார். அந்த உடம்பு அப்படி இளகி அவள் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

தேநீர் வந்தது. அவருக்குச் சர்க்கரை இல்லாமல். வீட்டில் இரண்டு கரண்டி போட்டுத்தான் இத்தனை காலமும் கொடுத்திருக்கிறாள். ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"நீங்கதான் வீட்டம்மாவா? சார் எங்களோட பழைய ஆளு. இங்க இவருக்குப் 'பகல் விருந்தாளி'ன்னு பேரு. எல்லாரும் அரை மணி உக்காந்துட்டு ஓடுவாங்க. இவர் காலையில வந்தா சாயங்காலம்தான் எந்திரிப்பார்" என்று அந்தப் பெண்மணி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு, வேறொருவர் கூப்பிட, போய்விட்டாள்.

அவள் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு விமானம் ஏறியது, பிறகு இன்னொன்று. அந்தப் பெரிய உலகம் சுருங்கிச் சுருங்கி, வீட்டுக்கும் இந்த நாற்காலிக்கும் நடுவில் இருந்த அரை மணி நேரச் சாலையாக ஆகிவிட்டது.

"எனக்குக் கை முறிஞ்ச அன்னிக்கு இங்கதான் இருந்தீங்களா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை, இத்தனை வருடம் சொல்லியிருக்கிறாரே. ஆனால் அன்றைக்குச் சொல்லவில்லை.

"ஆமா."

"நான் கூப்பிடல. நீங்க வானத்துல இருக்கீங்கன்னு நெனச்சு கூப்பிடல."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

"தெரியும். அதுதாங்க வலிக்குது."

அவர் குனிந்து, காலணி நுனியைப் பார்த்துக்கொண்டு பேசினார். நான் போகணும்னுதான நீ காத்துட்டிருப்ப, என்றார். வண்டி ஏறும்போதே உன் முகம் உடையப் போறது தெரியும். நான் இருந்தா நீ அழமாட்ட. அதனால சீக்கிரமே கிளம்பிடுவேன். கம்பெனி ஒண்ணும் மாத்தல, நானாத்தான் கேட்டு வாங்கினேன். சொல்லி முடித்துத் தலையை நிமிர்த்தினார்.

"உனக்காகன்னு சொன்னா பாதிதான் உண்மை. மீதி எனக்காக. குட்டியோட ரூம் கதவு மூடியே இருக்குற வீட்ல என்னால உக்கார முடியல. இங்க யாருக்கும் எதுவும் தெரியாது."

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகை வந்தது. இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வெளியே வராமல் நின்றன. இந்த மனிதர் விலை கேட்டுக்கொண்டிருப்பது தங்கத்துக்கு அல்ல, தூணோரத்தில் இருக்கிற ஒரு நாற்காலிக்கு. தம்பியின் கணக்கில் அது இல்லை. கட்டித் தொலைக்கட்டும் என்றுதான் அந்த நிமிடம் முடிவு செய்தாள். வீட்டில் உட்கார முடியாதவர் எங்கேயாவது உட்கார்ந்துதானே ஆகவேண்டும்.

தேநீர்ப் பெண்மணி கோப்பை எடுக்க வந்தாள். அவளிடமே கேட்டாள். "ரிட்டயர் ஆனப்புறம் சார் அப்பப்ப இங்க வந்து உக்காந்துட்டுப் போகலாம்ல? ஆயுசுக்கும் அட்டை குடுக்குறாங்களே."

"அன்னிக்கு டிக்கெட் இருந்தா வரலாம்மா. ஏறிப் போறவங்களுக்குத்தானே இந்த இடம். சும்மா உக்கார விடமாட்டாங்க" என்றாள் அந்தப் பெண்மணி.

அவருக்கு அது தெரியாத விஷயமில்லை. வாசலில் எத்தனை தடவை போர்டிங் பாஸைக் காட்டியிருப்பார். ஆனால் பத்து வருடமாகக் கையில் ஒரு டிக்கெட் இல்லாமல் அவர் இருந்ததே இல்லை. அது இல்லாத நாள் ஒன்று வரும் என்பதை மனசு கிட்டவே சேர்க்கவில்லை. புதுக் கண்ணாடி போட்டதும் முதல் முறையாகத் தங்கள் முகத்தையே தெளிவாகப் பார்க்கிற வயசாளிகளைக் கடையில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர் முகம் அப்படித்தான் ஆயிற்று. பாவமாக இருந்தது. அந்தப் பாவம் அவளுக்குப் பிடிக்கவும் இல்லை.

சாயங்காலம் விமானம் ஏறினார்கள். ஜன்னலோர இருக்கையை அவளுக்குக் கொடுத்தார். அவள் எதையும் பார்க்கவில்லை. இயந்திரத்தை ஒப்படைத்தார், அங்கே மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். திரும்பி வந்த மறுநாள் தம்பி கைபேசியில் கூப்பிட்டு, தங்கம் என்ன ஆயிற்று என்று சிரித்தான். கட்டவில்லை என்று மட்டும் சொன்னாள். அக்காவுக்கு இப்போதுதான் புத்தி வந்தது என்றான் அவன். அவள் மறுக்கவில்லை.

அடுத்த காலையில் இரண்டு தேநீர் போட்டாள், ஒன்று சர்க்கரை இல்லாமல். அவர் ஜன்னலோர நாற்காலியில், பிளாஸ்டிக் உறையோடேயே, விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவரை மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், இல்லை. குளிர் நாளில் மணிக்கட்டு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்க் குட்டியின் அறைக் கதவைத் திறந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகை தன் வழக்கப்படி வந்தது. அவள் அடக்கவில்லை. சத்தம் முன்னறைக்குக் கேட்கும் என்று தெரிந்தும் அடக்கவில்லை.

பிளாஸ்டிக் சரசரத்தது. அவர் எழுந்துவிட்டார். காலடிச் சத்தம் வாசல் பக்கம், காலணி இருக்கும் இடத்துக்குப் போயிற்று. போகட்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் அழுகை இன்னும் கூடியது. வாசலருகே சத்தம் நின்றது. நின்றபடியே இருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது.

கோப்பையோடு அறை வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"நானும் உக்காரட்டுமா?" என்றார், யாரோ வீட்டுக்கு வந்த ஆள் கேட்பதுபோல.

அவள் நகர்ந்து இடம் விட்டாள். குழந்தைக் கட்டில், இரண்டு பேருக்குக் காணாது. இடித்துக்கொண்டுதான் உட்காரவேண்டியிருந்தது. அவருக்கும் அழத் தெரிந்திருந்தது. தேநீர் ஆறிப்போயிற்று. வெளியே தெருவில் ஏதோ ஒரு வண்டி வந்து நின்று, வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போனது. அன்றைக்கு அவருக்கு எந்த விமானமும் இல்லை.