சிவனாண்டி வீட்டுக் காப்பி

கருத்தக்கண்ணனின் முழங்கைக்குக் கீழே சிவனாண்டியின் அரிவாள் இறங்கியபோது, பஞ்சாபகேசன் ‘இரு தரப்பையும் பேசவிட வேண்டும்’ என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ரத்தம் அந்தப் பக்கத்தில்தான் தெறித்தது.

அவர் மதுரையில் சட்டம் சொல்லிக்கொடுக்கிறவர். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் வருஷம். வழக்காடக் கற்றுக்கொடுத்தது போதும், கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்க்கக் கற்றுக்கொடுப்போம் என்று புதிதாக ஒரு வகுப்பு ஆரம்பித்திருந்தார். மற்ற வாத்தியார்கள் சிரித்தார்கள். மனிதருக்கு வீம்பு வந்துவிட்டது. நிஜச் சண்டையிலேயே செய்து காட்டுகிறேன் என்று ஆறு மாணவர்களை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, அன்று காலை ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்து இறங்கினார்.

சண்டை ஒரு கிணற்றுக்கு. சிவனாண்டியும் கருத்தக்கண்ணனும் பங்காளிகள், கிணறு பொது. இன்றைக்குத் தண்ணீர் யார் முறை என்ற பேச்சில், போன மாசம் சிவனாண்டியின் தம்பி காளைக்கு மண்டை உடைந்தது. பதிலுக்குக் கருத்தக்கண்ணனின் மோட்டார் ரூம் எரிந்தது. அடுத்தது உயிர்தான் என்று ஊருக்கே தெரியும். அந்த உயிரைக் காப்பாற்றத்தான் பஞ்சாபகேசன் வந்தார். நல்ல மனுஷர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவருடைய முறைப்படி, பொதுவில் உட்காருமுன் இருவரையும் தனித்தனியே பார்த்துப் பேச வேண்டும். முதலில் கருத்தக்கண்ணன் வீடு. வெயிலில் நடந்து வந்த தாகம். அவன் கலர் சோடா உடைத்துக் கொடுத்தான், ஒரே மடக்கில் குடித்துவிட்டார். தெருவில் இறங்கியதும் மாணவி ஸ்யாமளா மெல்லச் சொன்னாள்: “சார், சமரசம் பேசறவா ரெண்டு பேர்கிட்டயும் எதுவும் வாங்கிக்கப்படாதுன்னு நீங்கதானே சொன்னேள்?”

அவருக்குச் சுரீரென்றது. உடனே தன்னைத் திருத்திக்கொண்டார். பாழாய்ப்போன அந்தத் திருத்தம்தான் வினையாயிற்று. அடுத்து சிவனாண்டி வீட்டில், அவன் மனைவி செல்லத்தாய் நீட்டிய காப்பியைத் தொடாமல், “வேண்டாம்மா, வாங்கிக்கக் கூடாது” என்றார். அவள் முகம் சுருங்கி டம்ளரை ஜன்னலில் வைத்தாள். ஒரு வீட்டில் வாய் நனைத்துவிட்டு மறுவீட்டில் மறுக்கிறவன் யார் பக்கம் என்று அந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சட்டம் படித்தவருக்குத் தெரியவில்லை.

கிணறு சிவனாண்டி வீட்டு வாசலுக்கு நேர் எதிரே. எல்லோரும் உட்கார்ந்ததும் கருத்தக்கண்ணன் சிரித்தான். “இனி என்னத்தப் பேச? சாரு எம் பக்கம்ப்பா. என் வீட்ல கலர் குடிச்சாரு. ஓன் வீட்டுக் காப்பிய ஏறெடுத்தும் பாக்கலையாமே!”

சிவனாண்டி சட்டைக்குப் பின்னாலிருந்து அரிவாளை உருவினான். ஒரே வெட்டு. கருத்தக்கண்ணனின் கை தோலில் தொங்கியது. தம்பி காளை அவன் தலைமுடியைப் பிடித்துக் கிணற்றுச் சுவரில் மோதினான். பல் உடைந்து விழுந்தது. மறுபடியும் மோதினான். மாணவர்கள் வரப்பில் விழுந்தடித்து ஓடினார்கள்.

“அண்ணே, கழுத்தப் போடு!” என்று காளை கத்தினான்.

பஞ்சாபகேசன் குறுக்கே விழுந்தார். அரிவாள் முனை அவர் தோளைக் கிழித்தது. சிவனாண்டி அவரை எட்டி உதைத்தான். “தள்ளுய்யா! அவென் வீட்ல குடிச்சவன்தான நீ!”

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. வாசல் பக்கம் தவழ்ந்தபடி, தொண்டை கிழியக் கத்தினார்: “செல்லத்தாய்! அந்தக் காப்பியக் கொடும்மா!”

ஓங்கிய கை நின்றது. சிவனாண்டி திரும்பிப் பார்த்தான். செல்லத்தாய் ஓடிவந்து டம்ளரைக் கொடுத்தாள். ஆறிப்போய் ஆடை கட்டிய காப்பி. அவர், பாதி சட்டையில் வழிய, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

சிவனாண்டி ஓங்கிய கையை இறக்கினான். பிறகு தம்பியைப் பிடித்து இழுத்தான். அரிவாளைக் கிணற்றுக்குள் வீசினான். கருத்தக்கண்ணன் சுவரோரம் முனகிக்கொண்டு கிடந்தான்.

“இத அப்பவே குடிச்சிருந்தா,” என்றான் சிவனாண்டி, “அவென் கை தப்பிச்சிருக்குமே சார்.”