ஜன்னல் வழியாகக் கொடுத்த பிள்ளை

என் மகள் தாவுசிக்கு வயது இரண்டு. வார்த்தைகள் நிறையத் தெரியும். ஆனால் கொஞ்ச நாளாக அவள் வாயிலிருந்து வருவது ஒன்றுதான்.

"கஞ்சி குடிக்கலாமா?"

"இல்ல."

"செருப்பு போடலாமா?"

"இல்ல."

"சரி, நீ வீட்டுலயே இரு. அம்மா மட்டும் வேலைக்குப் போறேன்."

"இல்ல!"

"நீ தாவுசிதானே?"

"இல்ல."

அந்தச் செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் விடிந்தது. ஊட்டிய கடலைக் கஞ்சியில் பாதியைத் தன் சட்டையிலும் மீதியை என் மேலிருந்த காங்காத் துணியிலும் துப்பினாள். என் கணவர் இத்ரிசா லாரி ஓட்டிக்கொண்டு ஜாம்பியாவுக்குப் போயிருந்தார். அவர் வீட்டில் இருந்தால் மட்டும் என்ன, "நீயே ஊட்டு, ஒன்கிட்டதான் நல்லா சாப்பிடுறா" என்று புரண்டு படுப்பார்.

காங்கா எப்போதும் ஜோடியாகத்தான் வரும். ஒரே பூவும் ஒரே கரையும் போட்ட இரண்டு துண்டு ஒட்டியே இருக்கும்; வாங்கி வந்து நடுவில் வெட்டி ஓரம் தைத்துக்கொள்வோம். என்னுடைய ஜோடி மஞ்சள் நிறம், கரை நெடுக முந்திரிப்பழம். ஒன்றில் தாவுசியை முதுகோடு கட்டிக்கொள்வேன், மற்றது என் மேல் இருக்கும். அன்று மற்றதில் கஞ்சி வழிந்ததால் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தேன். துவைக்க ஏது நேரம்?

நான் கரியாக்கூவில் ஒரு மருந்துக்கடையில் கவுன்டரில் நிற்கிறேன். கடைக்குப் பின்தெருவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வீடு உண்டு. அங்கே தாவுசியை விட்டுவிட்டு ஷட்டர் திறக்கும் முன் போய் நிற்கவேண்டும். அதற்கு முதலில் நாங்கள் இருக்கும் ம்பகாலாவில் பஸ் ஏறவேண்டும். ம்பகாலா பஸ்ஸில் கதவு பேருக்குத்தான் இருக்கிறது. ஆம்பிளைகள் ஜன்னலில் தொங்கி உள்ளே குதிப்பார்கள். மற்றவர்கள் கதவில் மல்லுக்கட்டுவோம்.

கையில் பிள்ளை இருந்தால் அதை முதலில் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுவோம். உள்ளே யார் உட்கார்ந்திருந்தாலும் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. அப்புறம் நாம் முண்டியடித்து ஏறிப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தாவுசி கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து இப்படித்தான் வேலைக்கு வருகிறாள். எத்தனையோ மடி பார்த்தவள்.

அன்றும் பஸ் வந்தது. முதுகிலிருந்து அவளை அவிழ்த்து, கட்டியிருந்த காங்காவிலேயே சுற்றி, ஜன்னலுக்குத் தூக்கினேன். உள்ளிருந்து இரண்டு கைகள் வந்தன. ஒரு பெண்ணின் தடித்த கைகள், நக இடுக்கில் மாவு, ஒரு செம்பு வளையல். அவை பிள்ளையை வாங்கிக்கொண்டன. நான் கதவுக்கு ஓடினேன்.

ஒரு காலைப் படியில் வைத்திருப்பேன். ஒரு தடியன் தோளால் இடித்து என்னைக் கீழே தள்ளினான். அதே நேரம் தூரத்தில் டிராஃபிக் போலீஸ் தலை தெரிந்ததோ என்னவோ, டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான்.

"நிறுத்து! பிள்ளை! உள்ள என் பிள்ளை இருக்கு!"

கதவில் தொங்கிய கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அடுத்த பஸ்ல வாக்கா! கோவப்படாத!"

ஸ்டாண்டில் எல்லோரும் ஏதாவது கத்திக்கொண்டுதான் இருப்பார்கள். அதில் என் கத்தலை யார் தனியாகக் கேட்கப்போகிறார்கள்? ஓடினேன். ஒரு செருப்பு அறுந்தது. பஸ் புழுதிக்குள் போய் மறைந்தது.

யா அல்லா, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது? முதுகு காலியாக இருந்தது. அவளுடைய சூடு இன்னும் அங்கே இருந்தது, அவள் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். முகமே இல்லை! நான் பார்த்தது கைகளை மட்டும்தான். என் பிள்ளையை இரண்டு கைகளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஓரமாக நின்ற பைக் டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுபவர் பெயர் மக்காமே, நாற்பது வயது ஆள், பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அந்த பஸ்ஸ பிடிங்கண்ணே. என் பிள்ளை அதுல போகுது."

"எந்த பஸ்ஸு?"

"பின்கண்ணாடியில சிங்கம் ஒட்டியிருக்கும்."

"நல்லா சொன்ன போ. இந்த ஊருல பாதி பஸ்ல அந்த ஃபுட்பால் டீமோட சிங்கம்தான். மீதி பாதியில எதிர் டீமோட பச்சையும் மஞ்சளும்."

"பேசாம ஓட்டுங்கண்ணே!"

ஓட்டினார், ஆனால் பேசாமல் ஓட்டவில்லை. வழியெல்லாம் தன் மச்சினிச்சி சந்தையில் கோழியைத் தொலைத்த கதை. இரண்டு சிங்க பஸ்களைத் துரத்திப் பிடித்து ஜன்னல் ஜன்னலாகத் தட்டினேன். "மஞ்சத் துணியில ஒரு பிள்ளை?" எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஜாக்கெம் ஸ்டாப் தாண்டியது. நான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன். மக்காமே கோழிக் கதையை நிறுத்திவிட்டார்.

அஜீஸ் அலி ஸ்டாப்பில் வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம் நின்றது. கூட்டத்துக்குள் மஞ்சள் தெரிந்தது. பைக் நிற்கும் முன்னே குதித்தேன்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஒரு பருத்த பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். காலடியில் எண்ணெயில் பொரித்த மாண்டசி உருண்டைகள் நிறைந்த இன்னொரு வாளி. மடியில் என் தாவுசி, கைக்கு ஒரு மாண்டசியாகப் பிடித்துக்கொண்டு, கன்னமெல்லாம் எண்ணெய் மின்ன மென்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கையில் செம்பு வளையல்.

"தாவுசி! என் தங்கமே!" என்று பாய்ந்தேன்.

அந்தப் பெண் பிள்ளையை அணைத்துக்கொண்டு ஒரு கையால் என்னைத் தடுத்தாள். "இரு இரு. யாரு நீ?"

"நான்தாங்க்கா அம்மா! நான்தானே ஜன்னல்ல குடுத்தேன்!"

"நான் எங்க ஒன் மூஞ்சியப் பாத்தேன்? ரெண்டு கை வந்துச்சு, பிள்ளை வந்துச்சு. வாங்கி மடியில வெச்சேன். தாய்க்காரி ஏறலைன்னு தெரிஞ்சதும் கத்திக் கத்தி இங்கதான் வண்டிய நிறுத்த முடிஞ்சுது. ஒனக்கு முன்னாடி ஒருத்தன் வந்து, குடுங்க, நான் போலீஸ்ல விட்டுடறேன்னான். நான் குடுப்பனா?"

கோபம் வந்தது. அதே சமயம் அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்ய விடாமல் அவள் தாவுசியின் முகவாயைத் தொட்டாள்.

"கண்ணு, இங்க பாரு. இது ஒன் அம்மாவா?"

தாவுசி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"இல்ல."

கூட்டம் "ஆ!" என்றது. அடிப்பாவி மகளே!

"அவ எல்லாத்துக்கும் இல்லதாங்க்கா சொல்லுவா! எது கேட்டாலும் இல்லதான்! வேணும்னா வேற எதாவது கேட்டுப் பாருங்க!"

"அப்படியா?" அந்தப் பெண் யோசித்தாள். "கண்ணு, இன்னொரு மாண்டசி வேணுமா?"

"ம்!" என்று கையை நீட்டினாள் என் பிள்ளை.

பின்னால் யாரோ, "பிள்ளை பிடிக்கிறவடா" என்றார்கள். ஒரு கை என் பையின் வாரைப் பிடித்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று இந்த ஊரில் வாழும் எனக்குத் தெரியாதா? மக்காமேவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க!"

"ம்பகாலாவுலேருந்து அழுதுகிட்டேதான் வந்துச்சு," என்றார் அவர். "ஆனா பிள்ளை இதோடதான்னு நான் என்னத்தக் கண்டேன்?"

நாசமாய்ப் போக உன் நேர்மை!

"எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க," என்றாள் அந்தப் பெண். தாவுசியைச் சுற்றியிருந்த காங்காவின் கரையை விரலால் நிமிண்டினாள். "இதோட ஜோடி எங்க?"

எனக்கு அது தோன்றவே இல்லை! பையைத் தரையில் கொட்டினேன். கடையில் போடும் வெள்ளைக் கோட்டு, டயப்பர், சீப்பு, பொம்மையின் ஒரு கால், எல்லாவற்றுக்கும் அடியில் சுருட்டிய மஞ்சள் துணி. உதறி நீட்டினேன். மஞ்சள், முந்திரிப்பழக் கரை, நடுவில் பெரிதாகக் கஞ்சிக் கறை.

அவள் இரண்டு துண்டையும் கரையோடு கரை சேர்த்துப் பார்த்தாள். பூவுக்குப் பூ சரியாக இருந்தது. பிறகு கஞ்சிக் கறையை மோந்தாள். தாவுசியின் சட்டையையும் மோந்தாள்.

"ரெண்டுலயும் ஒரே கஞ்சிதான். கடலை கொஞ்சம் தீஞ்சிருக்கு," என்று கூட்டத்துக்கு அறிவித்தாள். கூட்டம் சிரித்தது. பை வாரைப் பிடித்த கை காணாமல் போயிருந்தது. "இந்தாடி, பிடி ஒன் பிள்ளைய."

வாங்கினேன். அல்ஹம்துலில்லா, அந்தக் கனம்! அவளை இறுக்கிக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். தாவுசி என் முகத்தைப் பார்த்தாள். கடித்து எச்சில் பண்ணிய மாண்டசியை என் வாய்க்குள் திணித்தாள். தின்றேன். அப்படி ஒரு ருசியை நான் கண்டதில்லை.

"அழுது முடிச்சிட்டியா?" என்றாள் அந்தப் பெண். "இப்ப கேட்டுக்க. ஒரு கால் படியில ஏறி நிக்காம பிள்ளைய உள்ள குடுப்பியா? அறிவு இருக்கா?"

"இல்ல," என்றேன். தாவுசி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் பெயர் சோமோய். துறைமுகத்துக் கூலியாட்களுக்குக் காலையில் மாண்டசி விற்பவள். "என்னால ஒங்க வியாபாரம் போச்சேக்கா" என்றேன். கூட்டத்தில் பாதிப் பேர் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்க போச்சு? பாதி வாளி காலி. நாளைக்கும் ஒன் பிள்ளைய அனுப்பு."

கடைக்குப் போனபோது முதலாளி சாலேஹே வாசலில் நின்றார். "இன்னிக்கு என்ன கதை?" என்றார்.

"பிள்ளை தனியா பஸ்ல போயிடுச்சு சார்."

"போன வாரம் பஸ்ஸு பஞ்சர். இந்த வாரம் பிள்ளையா? நல்லா கதை விடுற."

வேறு நாளாக இருந்தால் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன். அன்று சிரித்துவிட்டு வெள்ளைக் கோட்டைப் போட்டேன். இருமல் மருந்து கேட்டு வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து விசாரித்தேன். மத்தியானம் பின்தெருவுக்கு ஓடினேன். தாவுசி பாயில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அவளை முதுகில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டி, கூட்டமான பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு, காலியாக வந்ததில் கதவு வழியாக மகாராணி மாதிரி ஏறினேன். இனி செத்தாலும் ஜன்னலில் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை ஸ்டாண்டில் அதே தள்ளுமுள்ளு. சிங்கம் ஒட்டிய பஸ் வந்து நின்றது. ஜன்னலிலிருந்து இரண்டு கைகள் நீண்டன. செம்பு வளையல்.

என் கை தானாக முடிச்சை அவிழ்க்கப் போயிற்று.

"பிள்ளைய நீயே வெச்சுக்க!" என்று உள்ளிருந்து சோமோய் அக்கா அதட்டினாள். "பையக் குடு!"

பையைக் கொடுத்தேன். அது போனால் போகட்டும். முதுகில் பிள்ளையோடு முண்டியடித்து ஏறினேன். யார் காலையோ மிதித்தேன், யாரோ என் காலை மிதித்தார்கள். உள்ளே போனால் சோமோய் அக்கா பக்கத்து இடத்தில் என் பையைப் போட்டு, யாரையும் உட்காரவிடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து தாவுசியை மடிக்கு மாற்றினேன்.

சோமோய் அக்கா வாளி மூடியைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினாள். "கண்ணு, இப்ப சொல்லு. இது ஒன் அம்மாவா?"

தாவுசி மாண்டசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கரியாக்கூ வரும்வரை விடவே இல்லை.